பழைய ட்ரயல்ஸ் மோட்டார் சைக்கிளின் காபரேட்டரைச் சீர்செய்தல்

திருகோணமலையின் உப்புக்காற்றில் மாதக்கணக்காக நின்ற யமஹா டிவை 175 போன்ற 1970களின் ட்ரயல்ஸ் வண்டி மெதுவான ஓட்டத்தில் தடுமாறினால், முதலில் பைலட் ஜெட்டை, அதாவது மெதுவான ஓட்டத்துக்குப் பெற்றோலை அளந்துவிடும் காபரேட்டரின் சிறு துளைத் திருகைப் பாருங்கள். பாறைகளில் நடைவேகத்தில் ஏறும் இவ்வகை வண்டி பெரும்பாலும் அந்தச் சிறு துளையை நம்பியே ஓடுகிறது. பெற்றோலை அடைத்து, காபரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைக் காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பியால் மட்டும் குத்தவே வேண்டாம், துளை பெருத்துவிடும்.

பிறகு, அந்தப் பெற்றோலோடு கலக்கும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் திருகை (வெளியே எடுத்தால் காற்றுக் கூடும்) மெல்ல முழுவதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சினைச் சூடாக்கி, கால் கால் சுற்றாக நகர்த்தி, ஐடில் வேகம் மிக உயர்ந்து சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் மூன்று சுற்றைத் தாண்டினால் ஜெட் பெரிது. அரைச் சுற்றுக்கும் குறைந்தால் ஜெட் சிறிது, அல்லது அடைப்பு நீங்கவில்லை, அல்லது காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கிறது.