செமி-ஆட்டோ ரைஃபிளில் கையால் நிரப்பிய தோட்டாவின் குறியைச் சோதிக்கும் முறை

போல்ட் ரைஃபிளில் தோட்டாவைச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) தள்ளுவது சுடுபவரின் கை. செமி-ஆட்டோவில் அந்த வேலையை ஸ்பிரிங் செய்கிறது, அதுவும் முரட்டுத்தனமாக. மேகசினின் உதட்டிலிருந்து தோட்டாவை உருவி, ஃபீட் ராம்பில் (சேம்பருக்கு ஏற்றிவிடும் சரிவு) உரசவிட்டு, சேம்பரில் அறைந்து நிறுத்துகிறது. மேசையில் பார்த்துப் பார்த்து வைத்த குண்டின் ஆழமும் நேர்நிலையும் அந்த ஒரே மோதலில் மாறிவிடலாம். ஆகவே இந்த ரைஃபிளில் தோட்டாவை மேகசினிலிருந்து ஏற்றி, நிறையச் சுட்டுத்தான் எடைபோட வேண்டும். கையால் ஒவ்வொன்றாக ஏற்றி மூன்று மூன்றாகச் சுட்ட குரூப் (இலக்கில் விழுந்த துளைகளின் கூட்டம்) பார்க்க அழகாக இருக்கும். மேகசினிலிருந்து ஏறும் தோட்டா எங்கே போகும் என்பதை அது காட்டாது.

கீழே உள்ளதெல்லாம் உரிமமுள்ள துப்பாக்கிக்கும், தோட்டா நிரப்பச் சட்டம் இடம் தரும் இடத்துக்கும், முறையான ரேஞ்சுக்கும் (சுடுதளம்) உரியவை. வெடிமருந்தின் அளவை அந்த மருந்துத் தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுங்கள்.

ரேஞ்சுக்குப் போகும் முன்: டம்மி சோதனை

ப்ரைமரும் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) மருந்தும் இல்லாத ஐந்து டம்மி தோட்டா செய்யுங்கள். சோதிக்கப்போகும் அதே கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு), அதே குண்டு, அதே டை (கேஸை அளவாக்கும் அச்சு). ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து கேஸின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். குண்டின் நுனி ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால், வளைவு தொடங்கும் இடத்தைப் பிடிக்கும் கம்பாரேட்டரை வெர்னியரில் மாட்டி அளப்பது நல்லது. பிறகு மேகசினில் போட்டு, பின்னால் பூட்டிய போல்டை விடுவித்து முழு வேகத்தில் ஏறவிடுங்கள். போல்டைக் கையால் பிடித்து மெதுவாக விட்டால் சோதனையே வீண். வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள்.

0.02, 0.03 மி.மீ. மாறினால் விட்டுவிடலாம். 0.1 மி.மீ.க்கு மேல் நீண்டிருந்தால், கேஸ் நின்ற பின்னும் குண்டு தன் வேகத்தில் முன்னே நழுவியிருக்கிறது. கழுத்தின் பிடி போதவில்லை. குறைந்திருந்தால் இன்னும் மோசம்: நுனி ராம்பில் முட்டி, குண்டு உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. மருந்துக்கான இடம் சுருங்கும்போது அழுத்தம் ஏறும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். குண்டு வைக்கும் முன் கழுத்தின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிட 0.05 முதல் 0.08 மி.மீ. வரை குறைவாக இருக்கட்டும். கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை பெரிதாக இருந்தால், அதை ட்ரில்லில் சுழற்றி மெல்லிய உப்புத்தாளால் சற்றுத் தேயுங்கள். கிரிம்ப் (கேஸின் வாயைக் குண்டின் மேல் இறுக்குவது) போடுவதாக இருந்தால் வரிப்பள்ளம் உள்ள குண்டில் மட்டும், இலேசாக. பள்ளமில்லாத மேட்ச் (போட்டி ரக) குண்டில் இறுக்கிப் போட்ட கிரிம்ப் அதன் உறையை நசுக்கும், குரூப் விரியும்.

குண்டின் மேல் ஒரு பக்கமாகக் கீறல் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆழமான கீறல் என்றால் மேகசின் உதடு வளைந்திருக்கலாம், ராம்பின் விளிம்பில் பிசிறு இருக்கலாம். மேகசினை மாற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கேஸும் ப்ரைமரும்

கழுத்தை மட்டும் சுருக்கும் பழக்கம் போல்ட் ரைஃபிளோடு போகட்டும். இங்கே ஒவ்வொரு முறையும் முழு நீள சைஸிங், அதாவது கேஸ் முழுவதையும் டையில் அளவாக்குவது. கேஸ் கழுத்தாகக் குறுகும் தோள் பகுதி, அதே துப்பாக்கியில் சுட்ட கேஸின் அளவைவிட 0.08 முதல் 0.13 மி.மீ. வரை பின்னே போக வேண்டும். குறைவாகத் தள்ளினால் போல்ட் முழுதாகப் பூட்டாமல் நிற்கும். அதிகமாகத் தள்ளினால் ஒவ்வொரு சுடுதலிலும் கேஸ் நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்சுவர் மெலியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரை வருடினால் அந்தப் பள்ளம் கையில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தக் கேஸை பிளையரால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். முழுசாக விட்டுவைத்தால் யாராவது எடுத்து நிரப்புவார்கள்.

.223 ரகத் தோட்டாவில் கேஸின் நீளம் 44.70 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, 44.45க்கு வெட்டி எல்லாவற்றையும் ஒரே அளவாக்குங்கள். மேகசினில் புக 57.4 மி.மீ. என்பது ஏஆர்-15 செமி-ஆட்டோ ரைஃபிளில் தோட்டாவின் மொத்த நீளத்தின் எல்லை. போல்ட் ரைஃபிள்காரர்கள் குண்டைக் குழலின் வரிகள் வரை நீட்டி வைத்து விளையாடும் விளையாட்டுக்கு இங்கே பெரிதாக இடமில்லை. அந்த நேரத்தை வேறெதிலாவது செலவிடலாம்.

ப்ரைமர் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். ஏஆர்-15, எம்1 கேரண்ட் போன்றவற்றில் ஃபயரிங் பின் (ப்ரைமரை அடிக்கும் ஊசி) ஸ்பிரிங் இல்லாமல் மிதக்கிறது. போல்ட் அறைந்து மூடும்போது அது முன்னே பாய்ந்து ப்ரைமரைத் தொடும். சேம்பரிலிருந்து எடுத்த, சுடாத தோட்டாவில் சின்ன புள்ளிபோன்ற தழும்பு தெரிவது அதனால்தான். ப்ரைமர் வெளியே துருத்தியிருந்தாலோ அதன் கிண்ணம் மெல்லியதாக இருந்தாலோ, விசையைத் தொடாமலே வெடிக்க வாய்ப்புண்டு. அடிப்பரப்பிலிருந்து 0.08 முதல் 0.13 மி.மீ. வரை உள்ளே அமர வேண்டும். நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவையும் விரலால் தடவிப் பாருங்கள். ராணுவ ரகக் கடினத்தில் செய்த ப்ரைமர்கள் என்றால், சிசிஐ நிறுவனத்தின் வரிசையில் சிறிய ரைஃபிள் அளவில் சிசிஐ 41, பெரிய அளவில் சிசிஐ 34.

கேரண்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மெதுவாக எரியும் மருந்தில் குண்டு குழலில் உள்ள வாயுத் துளையைக் கடக்கும்போது அழுத்தம் மிகுந்து, போல்டைப் பின்னே தள்ளும் ஆபரேட்டிங் ராடு வளைந்துவிடும். கேரண்டுக்கென்றே தனியாகத் தந்த அட்டவணையைத் தாண்டாதீர்கள்.

எத்தனை சுட வேண்டும்

பெரும்பாலான சோதனைகள் சறுக்குவது இங்கேதான். குரூப் அளவு என்பது மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம். சுடச் சுட அது விரிந்துகொண்டே போகும். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா என்றால், சராசரி 3-ஷாட் குரூப் 25 மி.மீ. இருக்கும்போது 5-ஷாட் குரூப் சுமார் 32, 10-ஷாட் குரூப் சுமார் 40 மி.மீ. வரும். எந்தக் கோளாறும் இல்லாமலே 5-ஷாட் குரூப் ஒருமுறை 20 மி.மீ., அடுத்த முறை 42 மி.மீ. என்று துள்ளும். மூன்று குண்டு சுட்டு "இந்த மருந்தளவுதான் சிறந்தது" என்று தேர்ந்தெடுப்பது, காசு சுண்டித் தேர்ந்தெடுப்பதிலிருந்து அதிகம் விலகியதில்லை.

மருந்தளவை அட்டவணையின் தொடக்கப் புள்ளியிலிருந்து 0.3 கிரெயின் படியாக ஏற்றுங்கள் (.223 போன்ற சிறிய கேஸுக்கு. 1 கிரெயின் என்பது 0.0648 கிராம்). ஒவ்வொரு படியிலும் மூன்று, நான்கு போதும். இந்தச் சுற்றில் துளைகளை மறந்துவிட்டு இரண்டை மட்டும் கவனியுங்கள்: துப்பாக்கி ஒழுங்காக இயங்குகிறதா, அழுத்தத்தின் அடையாளம் தெரிகிறதா. கேஸின் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே எறியும் முளை) துளையின் பளபளப்பான வட்டம் பதிந்தால், ப்ரைமர் தளர்ந்து விழுந்தால், விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் (கேஸைச் சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி) கிழித்தால், அந்தப் படியோடு நிறுத்தி இறங்குங்கள். அட்டவணையின் உச்சத்தை இன்னும் எட்டவில்லை என்றாலும் சரி. கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் பின்னால் பூட்டாவிட்டால் பெரும்பாலும் மருந்து போதவில்லை என்று பொருள். மேகசினையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். நன்றாக இயங்கிய அளவுகளில் இரண்டை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 33 தோட்டா நிரப்புங்கள். 30 போதாதா என்றால், மீதி மூன்றுக்கும் வேலை இருக்கிறது.

ரேஞ்சில்

முதலில் கடையில் வாங்கிய மேட்ச் தோட்டாவில் பத்துப் பத்தாக இரண்டு குரூப் சுடுங்கள். இதுவே அளவுகோல். அதிலேயே குரூப் பரந்து விழுந்தால் குறை ஸ்கோப் மவுண்டிலோ, குழலிலோ, சுடுபவரிடமோ இருக்கிறது. மருந்தை மாற்றிப் பயனில்லை. ஸ்கோப் திருகுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) சரிபார்த்துவிட்டு மேலே போகலாம்.

ஹேண்ட்கார்டின் (குழலைச் சுற்றியுள்ள முன்பிடி) ஒரே இடம் ஒவ்வொரு முறையும் முன் மணல்பை மேல் அமரட்டும். டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். குழலைத் தொடாத ஃப்ரீ-ஃப்ளோட் ஹேண்ட்கார்டு இல்லையென்றால் பையின் அழுத்தமே குறியை நகர்த்தும். மேகசின் மேசையில் படக்கூடாது, அதற்கேற்ப பையை உயர்த்துங்கள். துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் ஒரே அழுத்தத்தில், உறுதியாக வையுங்கள். ஃபயரிங் பின்னை அடிக்கும் கனமான சுத்தியல் விழுந்து, குண்டு வெளியேறும் வரை துப்பாக்கி அசைவதற்கு நேரம் இருக்கிறது. தளர்வாகப் பிடித்தால் அது துளையில் தெரியும். விசையை இழுத்த விரலைக் குண்டு போன பிறகும் ஒரு கணம் அங்கேயே வைத்திருங்கள்.

மேகசினில் 11 தோட்டா. கையால் போல்டை விட்டு ஏற்றிய முதல் தோட்டா, துப்பாக்கி தானே ஏற்றிய மற்ற பத்தோடு சேராமல் தள்ளி விழுவது செமி-ஆட்டோவில் சகஜம். போல்ட் பூட்டும் வேகம் வேறு, அமரும் நிலையும் வேறு. அதனால் முதல் ஒன்றைப் பக்கத்தில் உள்ள தனி வட்டத்தில் சுடுங்கள். மூன்று மேகசின் முடிந்ததும் அந்தத் தனி வட்டத்தில் மூன்று துளை இருக்கும். மூன்றும் ஒரே திசையில் விலகியிருந்தால் உங்கள் துப்பாக்கியின் குணம் அது.

ஷாட்டுக்கு ஷாட் 20, 30 நொடி இடைவெளி. பத்து முடிந்ததும் போல்டைத் திறந்துவைத்து, குழலைக் கை பொறுக்கும் வரை ஆறவிடுங்கள். சூடான சேம்பரில் தோட்டாவை விட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். மருந்து சூடேறி வேகம் மாறும். இரண்டு அளவுகளையும் மாறி மாறிச் சுடுங்கள்: அ, ஆ, ஆ, அ, அ, ஆ. அப்போதுதான் காற்றும் களைப்பும் இரண்டுக்கும் பொதுவாகும். 55 கிரெயின் குண்டை மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று 100 மீட்டரில் சுமார் 25 மி.மீ. தள்ளும். வழியில் இரண்டு நாடாக் கொடியாவது நட்டுவையுங்கள்.

இலக்கைப் படிப்பது

100 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்பது 29.1 மி.மீ. ஆனால் குரூப் அளவோடு நிற்காமல் சராசரி ஆரத்தைக் கணக்கிடுங்கள்: எல்லாத் துளைகளின் மையத்தைக் கண்டு, அங்கிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுப்பது. குரூப் அளவில் இரண்டு துளை மட்டும் பேசும். இதில் முப்பதும் பேசும். முப்பது முப்பது சுட்ட பிறகும் இரண்டு அளவுகளின் சராசரி ஆரம் 15 சதவீதத்துக்குள் வேறுபட்டால் இரண்டையும் சமம் என்றே கொள்ளுங்கள். எது நம்பகமாக இயங்குகிறதோ அதை எடுங்கள்.

துளைகள் மேல்கீழாக நீண்டால் உடனே மருந்தளவைக் குற்றம் சொல்ல வேண்டாம். .223இல் விநாடிக்கு 15 மீட்டர் வேக வேறுபாடு 100 மீட்டரில் சுமார் 2 மி.மீ. மட்டுமே மேல்கீழாக நகர்த்தும். தோள் அழுத்தமும் பின் மணல்பையும்தான் அங்கே முதல் சந்தேக நபர்கள். சுடச் சுட ஒரே திசையில் நகர்ந்தால் குழலின் சூடு. இரண்டு தனிக் கூட்டமாகப் பிரிந்தால் ஸ்கோப், மவுண்ட், அல்லது கன்னத்தை வைக்கும் இடம் மாறுவதால் வரும் பாரலாக்ஸ் (கண் நகரும்போது ஸ்கோப்பின் குறியும் நகர்வதுபோல் தெரிவது). விலகி விழுந்த துளையைக் கணக்கிலிருந்து நீக்கலாமா? இலக்கைப் பார்ப்பதற்கு முன்பே "இது என் தவறு" என்று குறித்துவைத்திருந்தால் நீக்கலாம். பார்த்த பிறகு என்றால் கூடாது.

தேர்ந்தெடுத்த அளவில் இன்னும் 20 நிரப்பி வேறொரு நாள் சுடுங்கள். நோட்டில் மருந்தின் லாட் எண், ப்ரைமரின் லாட் எண், கேஸ் எத்தனை முறை சுடப்பட்டது, அன்றைய வெப்பநிலை இவற்றை எழுதிவையுங்கள். புது டப்பா மருந்தின் லாட் எண் வேறாக இருந்தால் பழைய அளவை அப்படியே போட வேண்டாம். இறங்கி, தொடக்கப் புள்ளியிலிருந்து மறுபடி ஏறுங்கள்.