வேர்ட்பிரஸ் தளத்தில் பயனர் அனுமதிகளைப் பிரித்துக் கொடுப்பது எப்படி?

வேர்ட்பிரஸ் என்னும் இணையதள மென்பொருளில் இயங்கும் ஒரு தளத்தைப் பலர் சேர்ந்து நடத்தும்போது, யாராவது ஒருவர் "எனக்குப் படம் ஏற்ற முடியவில்லை" என்று சொன்னவுடன் அவரை அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியாக, மாற்றிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்போதைய சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடும் என்றாலும், படம் மட்டுமே ஏற்ற வேண்டிய அவரால் இனி தளத்தின் தோற்றத்தை மாற்றவும், செருகுநிரல்களை (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் பிளகின்களை) நீக்கவும், பிற பயனர்களின் கணக்குகளை அழிக்கவும் முடியும். அவருடைய கடவுச்சொல் களவுபோனால் தளம் முழுவதுமே பறிபோகும். ஓர் அனுமதி தேவைப்படுபவருக்கு அந்த ஒன்றை மட்டும் கொடுப்பதே முறை. அதற்கு யூசர் ரோல் எடிட்டர் என்னும் இலவசச் செருகுநிரல் போதுமானது.

வேர்ட்பிரஸில் இயல்பாகவே அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆத்தர், கான்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர் என 5 பொறுப்புகள் (ரோல்கள்) உள்ளன. எடிட்டர் பிறர் எழுதியவற்றையும் திருத்தி வெளியிடலாம். ஆத்தர் தம்முடையதை மட்டும் வெளியிடலாம். கான்ட்ரிபியூட்டர் எழுதி ஒப்புதலுக்கு அனுப்பலாமே தவிர வெளியிட முடியாது, படமும் ஏற்ற முடியாது. செய்தித் தளங்களில் பெரும்பாலும் இடறுவது இந்தக் கடைசி இடத்தில்தான்: செய்தியாளர் படத்துடன் செய்தியை அனுப்ப வேண்டும், ஆனால் ஆசிரியர் பார்க்காமல் அது வெளியாகக் கூடாது.

இதற்கு முதலில் தரவுத்தளத்தை (தளத்தின் பதிவுகளும் அமைப்புகளும் சேமிக்கப்படும் இடத்தை) நகலெடுத்து வைத்துக்கொண்டு, செருகுநிரலை நிறுவி, யூசர்ஸ் பட்டியின் கீழ் வரும் யூசர் ரோல் எடிட்டரைத் திறக்கவும். இருக்கும் பொறுப்பில் கைவைக்காமல், ஆட் ரோல் பொத்தானை அழுத்திப் புதியதொன்றை உருவாக்குவதே பாதுகாப்பானது. அடையாளப் பெயரை ஆங்கில எழுத்துகளிலும், திரையில் தெரியும் பெயரைச் "செய்தியாளர்" என்று தமிழிலும் இட்டு, எதன் நகல் என்று கேட்கும் இடத்தில் கான்ட்ரிபியூட்டரைத் தேர்ந்தெடுக்கவும். பின்னர் அனுமதிப் பட்டியலில் அப்லோட் ஃபைல்ஸ் என்பதற்கு எதிரே குறியிட்டு, அப்டேட் பொத்தானை அழுத்தினால் பொறுப்பு தயாராகிவிடும். உரியவரின் கணக்கைத் திருத்தும் பக்கத்தில் இந்தப் பொறுப்பை அவருக்கு வழங்கலாம்.

எடிட் பப்ளிஷ்டு போஸ்ட்ஸ் என்னும் அனுமதியைச் சேர்க்கும் முன் நிதானமாக யோசிக்க வேண்டும். வெளியான செய்தியில் உள்ள எழுத்துப்பிழையைச் செய்தியாளரே திருத்தட்டும் என்ற நல்ல எண்ணத்தில் இதைக் கொடுக்கிறார்கள். ஆனால் வெளியிடும் அனுமதி இல்லாதவர்கூட, இது கையில் இருந்தால், ஏற்கெனவே வெளியான தம் செய்தியை முழுவதுமாக மாற்றி எழுதிச் சேமிக்க முடியும், அந்த மாற்றம் யாருடைய ஒப்புதலும் இன்றி உடனே தளத்தில் தெரியும். ஆசிரியரின் பார்வையைக் கட்டாயமாக்கவே இந்தப் பொறுப்பை உருவாக்கினோம் என்பதால், இதைத் தவிர்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

தளத்தின் அமைப்புகளை மாற்ற விடும் மேனேஜ் ஆப்ஷன்ஸ் அனுமதி பார்வைக்குச் சாதாரணமானது. ஆயினும் அது கிடைத்தவர் பொது அமைப்புகளுக்குச் சென்று, யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று திறந்துவிட்டு, புதிய பயனரின் இயல்பான பொறுப்பை அட்மினிஸ்ட்ரேட்டர் என மாற்றினால், வருகிறவர் எல்லாம் நிர்வாகிகளே. அன்ஃபில்டர்டு ஹெச்டிஎம்எல் (வடிகட்டாத நிரல் வரிகளைப் பதிவில் இடுவது), இன்ஸ்டால் பிளகின்ஸ் (செருகுநிரல் நிறுவுவது), ப்ரமோட் யூசர்ஸ் (பயனர்களின் பொறுப்பை மாற்றுவது) ஆகியவற்றையும் நிர்வாகிக்கு அப்பால் புதிதாக எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின், அதே பொறுப்புடன் ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் நுழைந்து, ஒரு படத்தை ஏற்றி, ஒரு செய்தியை ஒப்புதலுக்கு அனுப்பிப் பார்க்கவும். வெளியிடும் பொத்தான் அங்கே தெரிந்தால் எங்கோ கூடுதலாகக் குறியிட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

பொறுப்புகள் தரவுத்தளத்திலேயே பதிவாவதால், செருகுநிரலை நீக்கினாலும் நீங்கள் செய்த மாற்றங்கள் அப்படியே இருக்கும். ஒருவர் பணியை விட்டு விலகும்போது அவருடைய கணக்கை நீக்கினால், அவர் எழுதியவற்றை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். அங்கே அவற்றை வேறொருவர் பெயருக்கு மாற்றும் தெரிவையே எடுக்க வேண்டும், இல்லையெனில் செய்திகளும் சேர்ந்து அழிந்துவிடும். செய்திகளில் அவர் பெயரே தொடர வேண்டுமானால், கணக்கை நீக்காமல், எந்தப் பொறுப்பும் இல்லாத நிலைக்கு அதை மாற்றிவிடலாம்.