இனமா, பண்பாடா? பிரித்துப் பார்க்கும் வழி

ஒரு பழக்கத்தை ‘அந்த இனத்துக்கே உரியது’ என்று எழுதும் முன் இப்படி யோசியுங்கள்: ஆறு மாதக் குழந்தையை வேறொரு சமூகத்தில் தத்துக்கொடுத்தால் அந்தப் பழக்கம் மாறுமா? பேசும் மொழி, வணங்கும் முறை, துக்கம் காக்கும் விதம் எல்லாம் மாறும், அவை பண்பாடு. தோல் நிறம் மாறாது. அத்தகைய உடல் அடையாளங்களை வைத்துச் சமூகம் கிழிக்கும் கோடே இனம். நாட்டுக்கு நாடு அந்தக் கோடு நகரும். உயிரியலும் அதற்குப் பெரிதாகத் துணை நிற்பதில்லை: 1972இல் மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவொன்டின் கணக்கிட்டபடி, மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85% ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். வீட்டுமொழி, மதம், வளர்ந்த இடம் தனித்தனியே வரட்டும். இனத்தை முகம் பார்த்து நீங்கள் நிரப்ப வேண்டாம், அவரவரே சொல்லட்டும். இனத்தையும் பண்பாட்டையும் கலந்துவிட்டால், பாகுபாட்டால் வேலை மறுக்கப்பட்டவரைப் பார்த்து ‘அவர்கள் வழக்கமே அப்படி’ என்று முடிவெழுதிவிடுவார்கள். அது பெரிய அநியாயம்.