மரபுவழிப் புற்றுநோய் ஆபத்து உள்ளவர்கள் மருத்துவரை விட்டு விலகுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபணு ஆலோசனைத் துறைக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே அப்படியே செய்கிறார்கள். காக்க வைப்பது, முகம் பார்க்காமல் பேசுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும்; விட்டுவிடுகிறேன்.

தந்தை வழியைத் தள்ளிவிடுவது

மார்பகப் புற்றுநோய் என்றால் தாய் வழியைக் கேட்டால் போதும் என்ற நினைப்பு இன்னும் சாகவில்லை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் தீங்கான மாற்றம் இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடும். பிஆர்சிஏ1 17ஆம் குரோமோசோமிலும் பிஆர்சிஏ2 13ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன; இரண்டுமே பாலினக் குரோமோசோம்கள் அல்ல. மாற்றம் தந்தையிடம் இருந்தாலும் தாயிடம் இருந்தாலும் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. தந்தைக்கு நோய் வராமலே போகலாம். அவருக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லையென்றால், குடும்பத்தில் அப்படி ஒன்று இருப்பதே வெளியில் தெரியாமல் போகலாம்.

ஒரு பெண், தன் அத்தை இளம் வயதிலேயே சினைப்பைப் புற்றுநோயில் இறந்ததை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். "அது அப்பா பக்கம்தானே" என்று பதில் வந்திருக்கிறது. படிவத்தில் தந்தை வழிக் கட்டங்களின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு. வேறிடத்தில் பிஆர்சிஏ1 மாற்றம் உறுதியான பிறகு, பழைய காகிதங்களோடு அவர் என்னிடம் வந்தபோதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மார்பக எம்ஆர்ஐ 25 வயதிலேயே தொடங்கலாம். சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றுவது பொதுவாக 35 முதல் 40 வயதுக்குள் பரிந்துரைக்கப்படுகிறது. அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். "சொன்னதைக் காதில் வாங்காதவரிடம் இனி எதற்குப் போக வேண்டும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இரு பக்கமும் மூன்று தலைமுறை கேளுங்கள். ஆண்களுக்கு வந்த புராஸ்டேட், கணையம், மார்பகப் புற்றுநோய்களையும் கேளுங்கள். மார்பகம் ஆண்களுக்கும் உண்டு.

பொருள் தெளிவாகாத மாற்றத்துக்கு அறுவை சிகிச்சை

சோதனையில் தீங்கானதா இல்லையா என்று சொல்ல முடியாத மாற்றம் வந்தால், அதை மட்டும் வைத்து அறுவை சிகிச்சை வேண்டாம். இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே மறுவகைப்படுத்தப்படுகின்றன.

முதல் சந்திப்பிலேயே "எடுத்துவிடலாம்"

மார்பகத்தையோ சினைப்பையையோ எடுத்துவிடலாம் என்று, நோயே இல்லாதவரிடமா சொல்வது?

தெரிந்ததுபோல் பேசுவது

ஆலோசனைக்கு வருபவர்கள் படித்துவிட்டு வருகிறார்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்றால் பொறுத்துக்கொள்வார்கள்; தப்பாகச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்காணிப்பு யார் பொறுப்பு?

மகப்பேறு மருத்துவர் புற்றுநோய் மருத்துவரைக் கைகாட்டுவார். அவரோ "புற்றுநோய் வந்தால் வாருங்கள்" என்பார். அறிக்கையைக் கொடுக்கும் அன்றே, அடுத்த எம்ஆர்ஐ எந்த மாதம், அதை யார் எழுதித் தருவார் என்பதைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.