கெர்னர் ஒயின் வாங்கினா இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

இத்தாலி ஒயின்னு சொன்னா யாருக்கும் டக்குனு கெர்னர் ஞாபகம் வராது. நாட்டோட வடக்கு ஓரத்துல, ஆஸ்திரியா எல்லையை ஒட்டி ஆல்டோ அடிஜே இருக்கு, அதுக்குள்ள வாலே இசார்கோன்னு ஒரு மலைப் பள்ளத்தாக்கு, அங்கதான் இந்த வெள்ளை ஒயினுக்கு மவுசு. வாசனை ஆளை அள்ளும். பீச், ஆப்ரிகாட், மாண்டரின் ஆரஞ்சு தோல் உரிக்கும்போது வர்ற மணம், அடியில லேசா ஜாதிக்காய். அந்த வாசனைதான் நிறைய பேரை ஏமாத்துது, என்னையும் சேர்த்துதான்.

மோந்து பாத்த உடனே "ஓ, ஸ்வீட் ஒயின்"னு முடிவு கட்டிடுறது முதல் தப்பு. நானும் அப்படி நினைச்சு ஆப்பிள் கேக்கோட எடுத்து வெச்சேன். கேக் ஒரு வாய், ஒயின் ஒரு வாய்... சக்கரை போட மறந்த எலுமிச்சை ஜூஸ் மாதிரி புளிச்சது. ஒயின் மேல குத்தம் இல்லங்க, கேக்கோட இனிப்பு அதை அப்படி ஆக்கிடுச்சு. திராட்சைல இருக்கிற சக்கரையை ஈஸ்ட் தின்னு ஆல்கஹாலா மாத்திடும், ஆனா அந்த பூ வாசனை, பழ வாசனை எல்லாம் டெர்பீன் மாதிரி வேற சமாச்சாரங்கள்ல இருந்து வர்றது, அதெல்லாம் சக்கரை இல்ல, சக்கரை போனாலும் வாசனை நிக்கும். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரைக்கும் சக்கரை இருந்தா அது டிரை, அதாவது இனிப்பு தெரியாத ஒயின், புளிப்பு நல்லா இருந்தா 9 கிராம் வரைக்கும் கூட விடுவாங்க. இசார்கோ கெர்னர் பெரும்பாலும் டிரைதான். மொஸ்காட்டோ தாஸ்தின்னு ஒரு இனிப்பு ஒயின் இருக்கு, அதை குடிச்சு பழகினவங்க அதே நினைப்புல இதை வாங்கினா ஏமாற்றம்தான்.

இன்னொரு குழப்பம் ஜெர்மனி. கெர்னர்ங்கிறது ஒயின் பேர் மட்டுமில்ல, திராட்சை பேரும் அதுதான், அது பொறந்ததே அங்கதான். 1929ல வைன்ஸ்பெர்க்ல ஆகஸ்ட் ஹெரால்ட்ங்கிறவர் ட்ரோலிங்கர்ங்கிற கருப்பு திராட்சையையும் ரீஸ்லிங்ங்கிற வெள்ளை திராட்சையையும் இனக்கலப்பு பண்ணி உருவாக்கினார். கெர்ன்னா ஜெர்மன்ல விதை, அதனால விதையை வெச்சு வந்த பேர்னு சிலர் அடிச்சு விடுவாங்க, அது இல்ல. அதே ஊர்ல வாழ்ந்த யுஸ்டினுஸ் கெர்னர்னு ஒரு டாக்டர், கவிஞரும் கூட, குடிக்கிறப்ப பாடுற பாட்டெல்லாம் எழுதினவர், அவர் பேரைத்தான் வெச்சாங்க. ஜெர்மனில லீப்ஃப்ராமில்க் மாதிரி மலிவான இனிப்பு ஒயின்ல கலக்குற திராட்சைகள்ல இதுவும் ஒண்ணு, அந்த கெட்ட பேரை இத்தாலி கெர்னர் மேல ஏத்தி ஒதுக்கிடாதீங்க. இங்க 600ல இருந்து 900 மீட்டர் உயரத்துல விளையுது, பகல்ல நல்ல வெயில், ராத்திரி குளிர், அதனால பழமும் நல்லா பழுக்கும் புளிப்பும் கெடாது, கொடி லேட்டா துளிர்விடுறதால வசந்த காலத்து உறைபனிலயும் பெருசா அடி வாங்காது.

லேபிள் விஷயத்துல நான் காசையே விட்டேன். ஜெர்மன் கெர்னர் ஒண்ணு, இத்தாலி கெர்னர் ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வெச்சு ருசி பாக்கலாம்னு ரெண்டு சைட்ல ஆர்டர் போட்டேன். ஒண்ணுல க்ளோஸ்டர் நோய்ஸ்டிஃப்ட்னு போட்டிருந்தது, இன்னொண்ணுல அபாசியா தி நோவாசெல்லா. வந்து பெட்டியை பிரிச்சா ரெண்டும் ஒரே பாட்டில்! 1142ல தொடங்கின அகஸ்டின் துறவிகள் மடம் அது, பிரெஸ்ஸனோனே ஊர் பக்கத்துல இருக்கு, இன்னைக்கும் ஒயின் போடுறாங்க. முதல் உலகப் போர் முடிஞ்சு 1919 ஒப்பந்தத்துலதான் அந்த ஏரியாவே ஆஸ்திரியா கிட்ட இருந்து இத்தாலிக்கு வந்தது, அதனால எல்லாத்துக்கும் ஜெர்மன்ல ஒண்ணு, இத்தாலியன்ல ஒண்ணுன்னு ரெண்டு பேர். ஆல்டோ அடிஜேன்னாலும் சுட்டிரோல்னாலும் ஒண்ணுதான், வாலே இசார்கோதான் ஐசாக்டால். இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா என்னை மாதிரி ஏமாற மாட்டீங்க.

ட்ரோலிங்கர் கருப்பு திராட்சையாச்சே, அப்புறம் எப்படி வெள்ளை ஒயின், ஏதோ கலப்படமோன்னு ஒருத்தர் கேட்டார். கலப்படம் எல்லாம் இல்ல, கருப்பு திராட்சைக்குள்ளயும் நிறம் தராத ஜீன் ஒண்ணு ஒளிஞ்சு இருக்கலாம், ரீஸ்லிங் பக்கமும் அதே வந்து சேர்ந்தா பழம் வெளுப்பாத்தான் இருக்கும்.

இப்ப பெரிய தப்புக்கு வரேன், ஃப்ரிட்ஜ். வெள்ளை ஒயின்னா ஜில்லுனு பல்லு கூசணும்னு ஒரு நம்பிக்கை. ஃப்ரிட்ஜ் 4 டிகிரில இருக்கும், அதுல இருந்து நேரா எடுத்து ஊத்தினா வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் நாக்குல நிக்கும், வாசனைக்காகவே வாங்கின ஒயினுக்கு இது பாவம். ஒரு தடவை செஞ்சு பாருங்க, ஒரு கிளாஸ்ல உடனே ஊத்துங்க, பாட்டிலை மேஜை மேலயே விட்டுட்டு ஒரு இருபது இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு கிளாஸ்ல ஊத்துங்க. நான் பண்ணப்ப முதல் கிளாஸ்ல பச்சை ஆப்பிள் மாதிரி ஏதோ லேசா, அவ்வளவுதான். ரெண்டாவதுல ஆப்ரிகாட், ஆரஞ்சு தோல், ஜாதிக்காய் எல்லாம் வரிசை கட்டி வந்துச்சு, வீட்டுல பக்கத்துல உக்காந்திருந்தவங்க "இது வேற ஒயினா"ன்னே கேட்டாங்க. 10ல இருந்து 12 டிகிரி, அதுதான் கணக்கு. ஐஸ் கட்டி போடுறதை பத்தி நான் பேசவே போறதில்ல. கிளாஸ்லயும் விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க, மூணுல ஒரு பங்கு போதும், மிச்ச இடம் வாசனை தங்குறதுக்கு.

ஜூஸ் மாதிரி மணக்குதேன்னு மடமடன்னு குடிக்கவும் கூடாது. 13.5, 14 சதவீதம் ஆல்கஹால் சர்வ சாதாரணம், தலைக்கு ஏறினப்புறம்தான் தெரியும். அதே காரணத்தால ரொம்ப காரமான சாப்பாட்டோடயும் ஒத்து வராது, மிளகா எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கிளப்பி விடும். அந்த ஊர்க்காரங்க சாப்பிடுற ஸ்பெக், அதாவது லேசா புகை போட்ட பன்னிக்கறி, அப்புறம் வெண்ணெய்ல வாட்டின ட்ரவுட் மீன், வசந்தத்துல வர்ற அஸ்பாரகஸ், இதுக்கெல்லாம் பிரமாதம்.

விசேஷத்துக்குன்னு பத்து வருஷம் பூட்டி வெக்காதீங்க. சாதா கெர்னரை ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள திறந்துடுறது நல்லது, நோவாசெல்லா மடத்தோட ப்ராய்ப்போசிடுஸ் மாதிரி மேல் ரகம் இன்னும் கொஞ்சம் தாங்கும். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு நாள் ஓகே, முதல்ல போறது அந்த வாசனைதான். மூணாவது நாளும் மிச்சம் இருந்தா கிளாஸ்ல ஊத்தாதீங்க, ட்ரவுட் வாட்டுற சட்டில ஊத்துங்க.