சண்டையை வேடிக்கை பார்க்காதீர்கள்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் நான் குடியிருக்கும் கட்டிடத்தின் மொட்டைமாடி அறையில் நான்கு பையன்கள் இருக்கிறார்கள். ஓசூர், வேலூர், நாமக்கல், விருதுநகர். நால்வருக்கும் ஐடி வேலை. வாரம் முழுக்க ஒயிட்ஃபீல்டு பஸ்ஸில் தூங்கி வழிவார்கள். சனிக்கிழமை ராத்திரி ஆனால் நான்கு லேப்டாப்பையும் தரையில் வைத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுவார்கள். ஊரை வளர்த்து, படை திரட்டி, எதிராளியை வீழ்த்தும் கம்ப்யூட்டர் ஆட்டம் அது. இருபது வருடமாக இந்த ஆட்டத்தில் அடிவாங்கி வருபவன் நான் என்று தெரிந்ததும், "அண்ணா, மேல வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போய் அவர்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒரே வயிற்றெரிச்சல். 2004-ல் நான் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

போன வாரம் ஓசூர்ப் பையன் ஹெட்போனைக் கழற்றி மெத்தையில் எறிந்துவிட்டு, "இது மனுஷன் ஆடுற கேமே இல்லண்ணா" என்றான். அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. சதுரங்கத்தில் நீங்கள் நகர்த்தும்வரை எதிராளியின் காய் நகராது, அவன் நகர்த்தும்வரை உங்கள் காயும் நகராது. இங்கே விறகு வெட்டுவது, வயல் போடுவது, வேவு பார்ப்பது, சண்டை போடுவது நாலும் ஒரே நேரத்தில் ஓடும். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. ஆனாலும் அவன் தோற்ற காரணம் வேறு.

வீடு கட்ட மறப்பது, காட்டுப்பன்றியிடம் ஆளைப் பறிகொடுப்பது, ஆட்டை அடித்துப் போட்டுவிட்டுக் கறியை அழுக விடுவது, இதெல்லாம் பத்து மேட்ச் தோற்றால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கை வேகம் போதவில்லை என்று புலம்புவது

இதே வகை ஆட்டமான ஸ்டார்கிராஃப்டை ஆடும் தென் கொரியத் தொழில்முறை வீரர்கள் நிமிடத்துக்கு 300 செயல்களுக்கு மேல் செய்வார்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து பையன்கள் தங்கள் விரலைத் திட்டிக்கொள்கிறார்கள். அந்த 300-லும் ஒரு பங்கு, விரலைச் சூடாக வைத்துக்கொள்ள அடிக்கும் வெற்றுக் கிளிக்தான். நம் மட்டத்தில் என்ன தேவை? 25 நொடிக்கு ஒருமுறை ஒரு வில்லேஜர் (விறகும் உணவும் சேர்க்கும் வேலையாள்), ஐந்து வில்லேஜருக்கு ஒரு வீடு, விறகு சேர்ந்தால் ஒரு வயல். இதற்கு விரல் பறக்க வேண்டியதில்லை. ஓசூர்ப் பையன் அலுவலகத்தில் எக்செல் ஷீட்டில் இதைவிட வேகமாகத் தட்டுவான்.

கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்பது

1999-ல் வந்த பழைய ஆட்டத்தில் அது உண்மை. கடினமான மட்டத்தில் கம்ப்யூட்டருக்கு இலவசச் சரக்கு (உணவு, விறகு, தங்கம்) கிடைத்தது. 2019-ல் வந்த புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனில் அது நம்மைப்போலவே விறகு வெட்டிப் பிழைக்கிறது.

சண்டையை வேடிக்கை பார்ப்பது

இன்றுவரை எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒன்றின் மேல்தான். என்னிடமிருந்தும் இன்னும் முழுசாகப் போகவில்லை, அது வேறு.

அன்று ஓசூர்ப் பையன் திரையில் நடந்ததைச் சொல்கிறேன். எதிராளியின் விறகுக் காட்டோரம் அவனுடைய எட்டு வில்லாளிகள். எதிரே ஆறு பேர். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்துகொண்டான். அடிபட்டவனைப் பின்னால் இழுக்கிறான், மற்றவர்களை முன்னால் விடுகிறான், எய்துவிட்டு ஓர் அடி நகர்கிறான், மறுபடி எய்கிறான். குறை சொல்ல முடியாத ஆட்டம். ஆறு பேரும் காலி. இவன் பக்கம் செத்தது மூன்றே பேர். "பாத்தீங்களாண்ணா!" என்று திரும்பினான். நான் திரையின் மேல் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை தொடங்கும்போது 31 வில்லேஜர். முடிந்தபோதும் 31. உணவு 640 சேர்ந்து கிடக்கிறது. வில்லேஜர் பிறக்கும் டவுன் சென்டர் பூட்டிய கடை மாதிரி நிற்கிறது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருச்சண்டை பார்க்க வாசலுக்கு ஓடுவது மாதிரிதான் இது. சண்டையில் யார் ஜெயித்தாலும் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 நொடி. டவுன் சென்டர் 125 நொடி சும்மா இருந்தால் ஐந்து பேர் பிறக்கவில்லை. ஒரு ஆள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 சரக்கு கொண்டுவருவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பத்து நிமிடத்தில் 1,000. அவர்களுக்கான 250 உணவைக் கழித்தாலும் 750. ஒரு நைட்டின் (கவசக் குதிரை வீரன்) விலை 60 உணவு, 75 தங்கம், மொத்தம் 135. ஆக, ஐந்து நைட் போயிற்று. மூன்று வில்லாளிகளை அதிகமாகக் கொன்ற சந்தோஷத்துக்கு ஐந்து நைட் விலை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆன்லைனில் ஆட்டத்தின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட 1.7 மடங்கு வேகமாக ஓடும். அந்த 25 நொடி என்பது நிஜத்தில் 15 நொடிகூட இல்லை. "ஒரு நிமிஷம்தான்ணா பாத்தேன்" என்று பையன் சொன்ன அந்த ஒரு நிமிடத்தில் நாலு பேர் பிறந்திருக்க வேண்டும்.

என் கதை இதைவிடக் கேவலம். 2004, சிவாஜிநகரில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். எதிரே உட்கார்ந்திருந்தது என் ரூம்மேட். என் குதிரைகள் நாலு அவன் ஊருக்குள் புகுந்து ஒரே ஒரு வில்லேஜரைத் துரத்தின. அவன் மரங்களைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறான், நானும் விடாமல் கிளிக் செய்துகொண்டே இருக்கிறேன். கடைசியில் கொன்றேன். நாற்காலியில் எழுந்து நின்று கத்தினேன். கம்ப்யூட்டருக்காகப் பின்னால் காத்துக்கொண்டிருந்த ஒருவர், எனக்கு யாரென்றே தெரியாது, மெதுவாகக் கேட்டார்: "உங்க டவுன் சென்டர்ல ஏதாச்சும் பிரச்சனையா?" நான்கு நிமிடமாக அதில் ஆள் வரவில்லை. ஒரு வில்லேஜரைக் கொல்ல ஒன்பது வில்லேஜரை நானே பிறக்கவிடாமல் செய்திருக்கிறேன். ரூம்மேட் துரத்தப்பட்டவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அப்புறம் டீக்கடையில் சொன்னான்.

ஏன் எல்லோரும் இதில் விழுகிறோம்? சண்டையில் சத்தம் இருக்கிறது, அம்பு பறக்கிறது, ஆள் விழுகிறான். நம்மை யாராவது தாக்கினால் கொம்பு ஊதி எச்சரிப்பார்கள். டவுன் சென்டர் சும்மா இருந்தால் என் காதில் விழுகிற மாதிரி எதுவும் ஊதாது. நஷ்டம் சத்தமில்லாமல் வருகிறது, பத்து நிமிடம் கழித்து எதிராளி இரண்டு மடங்கு படையோடு வரும்போதுதான் தெரிகிறது. அப்போது "அவன் எப்படிண்ணா இவ்ளோ வெச்சிருக்கான்?" என்று கேட்பார்கள்.

நான் பையன்களுக்குச் சொல்லும் மருந்து ஒன்றுதான்: 'ஹெச்', 'க்யூ'. ஹெச் அழுத்தினால் டவுன் சென்டர், க்யூ அழுத்தினால் ஒரு வில்லேஜர். படைக்கு ஒரு கட்டளை கொடுத்தால் உடனே ஹெச், க்யூ. இன்னொரு கட்டளை, மறுபடி ஹெச், க்யூ. சண்டை கொஞ்சம் கெட்டுப்போகும், போகட்டும். வில்லேஜர் எண்ணிக்கை நூறைத் தாண்டும்வரை இதை விடக்கூடாது. வேலூர்க்காரனை ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரு சிப்பாய்கூட உருவாக்கவிடாமல் உட்கார வைத்தேன். ஆட்டத்திலேயே 'ஆர்ட் ஆஃப் வார்' என்று பயிற்சிகள் இருக்கின்றன. அதில் ஆரம்பப் பொருளாதாரப் பயிற்சியைத் திரும்பத் திரும்ப ஆட வைத்தேன். என்னை மனதுக்குள் திட்டியிருப்பான். இப்போது நால்வரில் அவன்தான் அதிகம் ஜெயிக்கிறான்.

இதைச் சொன்னதும் ஓசூர்ப் பையன் குறுக்குவழி கண்டுபிடித்தான். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மூன்று தட்டு, 15 வில்லேஜர் வரிசையில். இனி கவலையே இல்லையாம். ஆர்டர் கொடுத்த நொடியே உணவு கழிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. 750 உணவு வரிசையில் முடங்கிக் கிடக்க, ஆட்டத்தின் மூன்றாம் கட்டமான காஸில் ஏஜுக்குப் போகத் தேவையான 800 சேரவே இல்லை. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு போதும். கை நிறையச் சரக்கு வந்தபின் ஐந்தைந்தாகப் போடலாம்.

சேர்த்து வைப்பது

நம் ஊர் வளர்ப்பு. மாசக் கடைசியில் கையில் நாலு காசு இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இங்கே அது உதவாது. 1,500 உணவும் 1,500 தங்கமும் வைத்துக்கொண்டு தோற்றவனுக்கு அதை யாரும் வட்டியோடு திருப்பித் தரப்போவதில்லை. ஒரு நைட் தயாராக 30 நொடி. ஒரு லாயத்தில் நிமிடத்துக்கு இரண்டு பேர்தான் வருவார்கள், அதாவது 270 சரக்குதான் செலவாகும். வரவு அதைவிட அதிகம் என்றால் இன்னொரு லாயம் கட்டுங்கள். 175 விறகு.

திராவிடர் மேல் பாசம்

இது சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. 2022 ஏப்ரலில் திராவிடரை ஆட்டத்தில் ஓர் இனமாகச் சேர்த்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது ராஜேந்திர சோழனின் கதையை ஒரே வாரத்தில் முடித்தவன் நான். விறகு வெட்டுபவனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் தடவை கேட்டபோது சும்மா பத்து முறை சொடுக்கிக் கேட்டேன். மாடியில் நால்வரும் திராவிடர்தான் எடுப்பார்கள், வேறு எதையும் தொடமாட்டார்கள். அதில் தப்பில்லை. ஆனால் யூடியூபில் யாரோ பிராங்க்ஸ் என்ற ஐரோப்பிய இனத்தை எடுத்து நைட் படையோடு பாய்வதைப் பார்த்துவிட்டு அதையே திராவிடரை வைத்துச் செய்கிறார்கள். நாமக்கல்காரன் 350 விறகு செலவு செய்து இரண்டு லாயம் கட்டிவிட்டு, நைட் பட்டன் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். பக் இருக்கிறது என்று திட்டவும் செய்தான்.

திராவிடருக்கு நைட் கிடையாது. அவர்கள் பலம் வேறு இடத்தில்: ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 விறகு கிடைக்கும், பேரக்ஸ் (கால்படைக் கூடம்) ஆராய்ச்சிகள் பாதி விலை, ஸ்கிர்மிஷர்கள் (எறிஈட்டி வீரர்கள்) 25 சதவீதம் வேகமாக எறிவார்கள். கால்படை வைத்து ஆடுங்கள். தண்ணீர் உள்ள மேப் என்றால் இன்னும் நல்லது. சோழன் கப்பலில் போனவன்தானே.

கட்டிடத்தை மௌஸால் தேடுவது

ஹாட்கீ, அதாவது கீபோர்டு குறுக்குவழிகளைப் படியுங்கள். அவ்வளவுதான்.

வேவு பார்க்காமல் இருப்பது

எதிராளி குதிரை எடுத்தால் ஈட்டி, வில் எடுத்தால் ஸ்கிர்மிஷர். இது எல்லோருக்கும் மனப்பாடம். அவன் என்ன எடுக்கிறான் என்று போய்ப் பார்ப்பவன்தான் இல்லை. ஆரம்பத்தில் இலவசமாக ஒரு வேவுக்குதிரை கொடுக்கிறார்கள், பையன்கள் அதைத் தங்கள் ஆட்டுக்குட்டிகள் பக்கத்திலேயே கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

கோபத்தில் இன்னொரு மேட்ச்

இதற்கு நான் உபதேசம் செய்யத் தகுதியில்லை. ஒரு நாள் ராத்திரி ஏழு மேட்ச் வரிசையாகத் தோற்றுவிட்டு, காலையில் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கியவன் நான். இருந்தாலும் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். தோற்ற சூட்டில் ஆடும் மேட்சில் கண் முதலில் தேடுவது பழிவாங்கத்தான். பழிவாங்கப் படை வேண்டும், படையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஊர் மறந்துபோகும். அப்புறம் மறுபடியும் பால் பொங்குகிறது.

இப்போது நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இரண்டு மேட்ச் தொடர்ந்து தோற்றவன் லேப்டாப்பை மூடிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கி வரவேண்டும். ஏரிப் பக்கம் ராத்திரி சைக்கிளில் பிளாஸ்க் வைத்து டீ விற்பவர் வருவார். திருவள்ளுவர் சிலைப் பக்கமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும். வந்ததும் அடுத்த மேட்ச் கிடையாது. தோற்ற மேட்சின் ரெக்கார்டிங்கை ஓட்டுவோம். டவுன் சென்டர் எப்போதெல்லாம் சும்மா நின்றது என்று மட்டும் பார்ப்போம், வேறெதையும் பேசமாட்டோம். ஓசூர்ப் பையனின் முதல் ரெக்கார்டிங்கில் ஆறு நிமிடம் தேறியது. "இது என் மேட்சே இல்லண்ணா, வேற ஃபைல்" என்றான். போன சனிக்கிழமை இரண்டரை.

சுவர் கட்டிவிட்டுக் கதவு வைக்க மறப்பது

சிரிக்காதீர்கள். விருதுநகர்க்காரன் தன் விறகுவெட்டிகள் ஐந்து பேரை இப்படி வெளியே விட்டுப் பூட்டினான். இந்த வாரம் நானும்.