மரக் கப்பலுக்குப் பலகை ஒட்டுவது எப்படி: ஒட்டுவதைவிட அளப்பதுதான் வேலை

என் முதல் மாடல் கப்பல் வாழைக்காய் மாதிரி வளைந்து இன்னும் பரணில் கிடக்கிறது. ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வலது பக்கம் மொத்தத்தையும் ஒட்டி முடித்துவிட்டு, இடது பக்கத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒட்டிய பலகையெல்லாம் காய்ந்து இறுகும்போது நடு முதுகெலும்பையே ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலது ஒன்று, இடது ஒன்று, மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

கிட்டோடு, அதாவது மாடலுக்கான பாகங்கள் எல்லாம் அடங்கிய பெட்டியோடு, வரும் புத்தகத்தில் கீல், பல்க்ஹெட் என்றெல்லாம் இருக்கும். நமக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அடிமரம் ஏரா, குறுக்கே நிற்கும் விலா வங்கு, முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். மாடலில் வங்கு என்பது முழுத் தட்டாக இருக்கும், இருந்தாலும் நான் அப்படியே சொல்கிறேன். சென்னையில் இருந்துகொண்டு மசூலா படகு செய்யக்கூடாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. துறைமுகம் வருவதற்கு முன் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது அதுதான். ஆனால் அதற்கு வங்கே கிடையாது, பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்தது, இங்கே சொல்லும் முறை அதற்கு உதவாது. அதே போல முதல் முயற்சிக்கே 104 பீரங்கி வைத்த விக்டரி போர்க்கப்பலின் கிட்டை வாங்கி வைக்காதீர்கள். ஒற்றைப் பாய்மரச் சின்னக் கப்பல் போதும்.

மரம்: கிட்டில் 1.5 மி.மீ. தடிமனில் லைம் மரப் பட்டைகள் (எலுமிச்சை இல்லை, லிண்டன் என்ற ஐரோப்பிய மரம்) கொடுத்திருப்பார்கள், அது நன்றாக வளையும். பால்சா வேண்டாம், நகம் பட்டாலே பள்ளம் விழும். தேக்கு மேல் எல்லோருக்கும் ஆசை. பம்பாயில் தேக்கில் கட்டி 1817இல் இறக்கிய டிரின்கோமலி என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தில் இன்றைக்கும் மிதக்கிறது என்றால் அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் 1:64 அளவுக் கப்பலில் தேக்கின் ரேகை கயிறு மாதிரித் தெரியும், வளைக்கவும் முரண்டு பிடிக்கும்.

பலகையைத் தொடுவதற்கு முன் வங்குகளின் விளிம்பைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். நீளமான பட்டை ஒன்றில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, மூன்று நான்கு வங்குகள் மேல் ஒரே நேரத்தில் படும்படி இழுத்துத் தேயுங்கள். அப்புறம் ஒரு பலகையை வெறுமனே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வங்கிலும் விளிம்பின் முழு அகலமும் பலகையைத் தொட வேண்டும், முனை மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். போரடிக்கும் வேலைதான். இதில் ஏமாற்றினால் கடைசிவரை மேடு பள்ளம் போகாது.

இனிமேல்தான் விஷயம். கப்பலின் நடுவில் வயிறு பெரிது, அணியத்தில் சிறிது. எல்லாப் பலகையும் ஒரே அகலத்தில் இருந்தால் முன்னால் இடம் எங்கே இருக்கும்? முதல் பலகையை மேல்தள விளிம்பை ஒட்டிப் போட்டுவிட்டு, அதன் கீழிருந்து ஏரா வரைக்கும் ஒவ்வொரு வங்கிலும் பேப்பர் பட்டையைச் சுற்றி வைத்துக் குறித்து அளந்துகொள்ளுங்கள். நடுவில் 96 மி.மீ. வருகிறது, பலகை 6 மி.மீ. என்றால் 16 பலகை. அணியத்தில் 56 மி.மீ. மட்டுமே இருக்கிறது என்றால் 56ஐ 16ஆல் வகுத்தால் 3.5. ஆக, ஒவ்வொரு பலகையும் நடுவில் 6, மூக்கில் 3.5. இடையில் உள்ள வங்குகளுக்கும் இதே கணக்கைப் போட்டு, புள்ளிகளைக் கோடாக இழுத்து, கட்டரால் வெட்டி, சின்ன இழைப்புளியால் சீவுங்கள். வலதுக்கும் இடதுக்குமான இரண்டு பலகைகளை ஒன்றாகக் கிளிப் போட்டுச் சீவினால் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி வரும். கணக்குப்படி அகலம் பாதிக்கும் கீழே, அதாவது 3 மி.மீ.க்கும் குறைவாக வந்தால் அவ்வளவு மெல்லிசாகச் சீவாமல், அந்த இடத்தில் ஒரு பலகையையே குறைத்துவிடுவது நல்லது. அமரத்தில் இது தலைகீழாகும். அங்கே 104 மி.மீ. இருந்தால் 16 பலகை போட்டும் 8 மி.மீ. இடம் மிச்சம். பலகைகளை இழுத்துப் பரப்பாதீர்கள், அது அது தன் போக்கில் படுக்கட்டும், பலகைகளுக்கு இடையில் முக்கோணமாகத் திறக்கும் இடத்தில் ஒரு ஆப்பு வெட்டிச் செருகிவிடலாம். மூன்று நான்கு பலகைக்கு ஒருமுறை மறுபடி அளந்துகொள்ளுங்கள், கணக்கு நழுவிக்கொண்டேதான் இருக்கும்.

வளைக்க, சுடுதண்ணீரில் இருபது நிமிடம் ஊறப்போட்டு கப்பலிலேயே கிளிப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு ஒட்டலாம். ஈரத்தோடு ஒட்டினால் சுருங்கி இடைவெளி விடும். பலகை தட்டையாகத்தான் வளையும், பக்கவாட்டில் வளையாது. பக்கவாட்டில் கட்டாயப்படுத்தினால் நாட்டு ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், அப்படி நின்றால் அளவில் தப்பு என்று புரிந்துகொள்ளுங்கள். சென்னையில் இன்னொரு தொல்லை. ஐப்பசி மழையில் ஊதிப்போயிருக்கும் பலகையை ஒட்டினால் சித்திரையில் கோடு கோடாக விரிசல் தெரியும். மரத்தை ஒரு வாரமாவது வீட்டுக்குள் காற்றோட்டமாக வைத்திருந்து எடுங்கள்.

பசைக்கு ஃபெவிகால் போதும், வங்கின் விளிம்பிலும் பக்கத்துப் பலகையின் ஓரத்திலும் மெல்லிசாக. பிடித்துக்கொள்ள துணி கிளிப், ரப்பர் பேண்ட், குண்டூசி. மூக்கில் அடங்காத இடத்துக்கு மட்டும் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ.

எல்லாம் முடிந்தால் சந்துகளில் அதே மரத்தின் தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்து, 120, 220 நம்பர் உப்புத்தாள் என்று தேய்த்துக்கொண்டே போகலாம். இரண்டாவது அடுக்காக அரை மி.மீ. வெனீர் (மெல்லிய மர ஏடு) ஒட்டப்போகிறீர்கள் என்றால் முதல் அடுக்கு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, வழவழப்பாக இருந்தால் சரி. ஒற்றை அடுக்குதான் என்றால் பசை வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாலிஷ் அடிக்கும்போது அந்த இடம் மட்டும் நிறம் ஏறாமல் வெள்ளையாகத் தெரியும். பாலிஷையும் மழை நாளில் அடிக்காதீர்கள், பூத்துப்போகும்.